பாதி உயர்ந்த வீடு

என் அருமைப் பிள்ளைக்கு,

போன சனிக்கிழமை போனில் நீ கேட்டாய், "தரை வேலை முடிஞ்சுதாம்மா?" என்று. "முடிஞ்ச மாதிரிதான்" என்றேன். நீ ஏதோ அவசரத்தில் இருந்தாய், சரியென்று வைத்துவிட்டாய். முடிந்த மாதிரி என்றால் என்ன என்று உனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும் அந்த நேரத்தில் சொல்ல வாய் வரவில்லை. சுருக்கமாகச் சொல்லக்கூடிய விஷயமுமில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஆவணியில் உனக்குக் கல்யாணம். ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து இந்த வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வரப் போகிறாய். வந்த அன்றைக்கே அவள் தடுக்கி விழுந்துவிடக் கூடாது பார். ஏனென்றால் நம் வீடு இப்போது பாதி உயரத்திலும் பாதி பழைய இடத்திலுமாக நிற்கிறது. வாசல், கூடம், அறைகள் எல்லாம் மேலே. அடுக்களையும் பின்கட்டு முற்றமும் கீழே. கூடத்திலிருந்து அடுக்களைக்குப் படி இறங்கிப் போக வேண்டும். உன் அப்பா காபி டம்ளரோடு இறங்கிப் பார்த்தார், டம்ளர் அவருக்கு முன்னால் இறங்கிவிட்டது. அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

ஏன் பாதியில் நிறுத்தினேன் என்று நீ கேட்பாய். அதை எனக்கே நான் சொல்லிப் பார்த்துக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். நீ பிறந்து வளர்ந்த தெருதான், ஆனாலும் டெல்லிக்குப் போனவர்களுக்கு மறந்துபோகும். கரமனையில் நம் தெரு பெரிய ரோட்டிலிருந்து ஆற்றைப் பார்த்துச் சரிந்து இறங்குகிறது. வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர் என்று நிற்கின்றன. நம் வீட்டில் தும்மினால் பக்கத்து வீட்டிலிருந்து "தீர்க்காயுசு" என்று சத்தம் வரும். பின்கட்டில் ஒவ்வொரு சுவரின் அடியிலும் ஒரு துவாரம் இருக்கும், அதைத்தான் நாம் ஓவு என்கிறோம். மேல் வீட்டு மழைத்தண்ணீர் ஓவு வழியாக நம் முற்றத்துக்கு வந்து, நம் ஓவு வழியாகக் கீழ் வீட்டுக்குப் போய், அங்கிருந்து ஆற்றில் விழும். நமக்குக் கீழே ஒரே ஒரு வீடுதான். வைகாசியில் இடவப்பாதி மழை பிடிப்பதற்கு முன்னால் ஒரு காலையில் எல்லா வீட்டாரும் அவரவர் ஓவைத் தோண்டிச் சுத்தம் செய்வார்கள். மேல்கோடி வீட்டில் ஒரு அண்டாத் தண்ணீரைக் கவிழ்ப்பார்கள். அது தங்கள் முற்றத்தைத் தாண்டியதும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் "வந்துடுத்து" என்று குரல் கொடுக்க வேண்டும். கடைசி வீட்டுக் குரல் கேட்ட பிறகுதான் மேல்கோடியில் அண்டாவை உள்ளே எடுத்து வைப்பார்கள். நம் வீட்டுக்குக் குரல் நீதான். தண்ணீர் வருவதற்கு முன்னாலேயே கத்திவிடுவாய். "பொய் சொல்லாதேடா, இன்னும் வரலை" என்று உன் காதைத் திருகியிருக்கிறேன். தண்ணீர் வருவதற்கு முன்னால் கத்துவதற்கே பிற்காலத்தில் உனக்குச் சம்பளம் கொடுப்பார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஆறு நிறைந்துவிட்டால் தண்ணீர் இதே ஓவுகள் வழியாகத் திரும்பி மேலே ஏறும். முன்பும் ஏறியிருக்கிறது. எல்லா வீட்டு முற்றத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவி நிற்கும், கணுக்கால் நனையும், மறுநாள் வடிந்துவிடும். நாங்கள் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. ஆனால் சில வருஷங்களாக ஒவ்வொன்றும் மாறிக்கொண்டு வந்தது. ரோட்டுக்குத் தார் போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டு, ரோடு உயர்ந்து வீடுகள் தாழ்ந்தன. அக்கரையில் வயலை நிரப்பி அடுக்கு வீடு கட்டினார்கள், ஆற்றோரம் கருங்கல் சுவரும் எழுப்பினார்கள், அது அவர்கள் பக்கத்துக்கு. அப்புறம் நமக்கு மேல் வீட்டு ராஜாமணி மாமா, அமெரிக்காவிலிருக்கும் பிள்ளை சொன்னான் என்று தரையைத் தூக்கி, முற்றத்தை மண் போட்டு நிரப்பி, ஓவை அடைத்தார். மாமா கெட்டவரில்லை. அடைப்பதற்கு முன் நம் வீட்டுக்கு வந்து, "தப்பா நெனச்சுக்காதேங்கோ, எனக்கு முட்டி வலியாக்கும், ஈரம் ஆகாது" என்று சொல்லிவிட்டுத்தான் அடைத்தார். முட்டி வலிக்காரரிடம் என்ன சண்டை போடுவது? நானும் சரியென்று தலையாட்டினேன். அவருக்கு மேலே இருந்த வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராக அதையே செய்தார்கள்.

போன ஐப்பசி துலாவர்ஷ மழையில் ஆறு திரும்பியபோது, தண்ணீர் மேலே பரவ வழியில்லாமல் நம் வீட்டிலும் கீழ் வீட்டிலுமாக நின்றுவிட்டது. நமக்கு முழங்கால், அவர்களுக்கு இடுப்பு. கீழ் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். மாரியப்பன், அவன் பெண்டாட்டி இசக்கியம்மாள், ஒரு கைக்குழந்தை. வீட்டுச் சொந்தக்காரர் பம்பாயில் இருக்கிறார், வாடகைக்கு விட்டிருக்கிறார். மாரியப்பன் கொத்தனார், திருநெல்வேலிப் பக்கம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர் ஏறியது. இசக்கியம்மாள் பின்கட்டுச் சுவருக்கு மேலே குழந்தையைத் தூக்கி நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். அப்புறம் மூன்று பேரும் நம் மச்சில்தான் இருந்தார்கள். உன் அப்பா குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுகிறேன் என்று பழைய டிரான்சிஸ்டரைக் கொடுத்து, அது டயலைக் கழற்றிவிட்டது. மாரியப்பன் மச்சு ஜன்னல் வழியாகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றான். "எங்க ஊருக் கொளத்துல தண்ணி வந்தா பொம்பளைங்க கொலவை போடுவாங்கம்மா. நான் சின்னப் பிள்ளையில கேட்டது. அப்புறம் கொளமும் நெறயல, நாங்களும் அங்க இல்ல" என்றான். தண்ணீர் இல்லையென்று அங்கிருந்து கிளம்பி வந்தவன், தண்ணீருக்குப் பயந்து இங்கே மச்சில் நிற்கிறான். நடுவில் ஒரு மலைதான். ஒரே மழை, மலைக்கு இந்தப் பக்கம் இப்படி, அந்தப் பக்கம் அப்படி. இதில் யாரைக் கோபித்துக்கொள்வது என்று எனக்கு அன்றைக்கே புரியவில்லை.

அப்புறம் தை மாதத்தில் நீ வந்தாய். பெண் பார்க்கவும் ஆச்சு, உன் ஆபீஸ் கூட்டமும் ஆச்சு. பெரிய ஓட்டலில் கூட்டம், எங்களையும் வரச் சொன்னாய். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன், உன் அப்பா வேட்டிக்கு மேலே கோட்டுப் போட்டுக்கொள்ளப் பார்த்தார், நான்தான் தடுத்தேன். நீ திரையில் படங்கள் போட்டுக் காட்டினாய். மலை, நகரம், கடற்கரை, எங்கே மண் சரியும், எங்கே வெள்ளம் நிற்கும், மலைக்கு அப்பால் எங்கே காய்ந்து போகும் என்று நிறம் நிறமாக. நம் தெரு ஒரு சிவப்புப் பொட்டுக்குள் இருந்தது. இங்கிலீஷில் பேசினாய், ஆனாலும் எனக்குப் புரிந்தது. பணமும் செல்வாக்கும் உள்ளவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளும்போது ஆபத்து போய்விடுவதில்லை, இல்லாதவர்கள் பக்கம் தள்ளப்படுகிறது என்றாய். ஒரு ஊரின் வளர்ச்சி அடுத்த ஊரின் கஷ்டத்தில் நிற்கக் கூடாது என்றாய். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் வயிற்றில் பிறந்தவன் இப்படிப் பேசுகிறானே என்று பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மாளிடம், "என்டெ மோனாக்கும்" என்று கேட்காமலே சொன்னேன்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அதே வாயால் நீ சொன்னாய், "அம்மா, தரையைத் தூக்கிடு. முற்றத்தையும் ரொப்பி ஓவை அடைச்சுடு. அடுத்த ஐப்பசிக்குள்ள முடிச்சாகணும், கேட்டியா? அவ வர ஆத்துல தண்ணி நிக்கப்படாது" என்று. நான் மோரை ஊற்றிக்கொண்டே, "கீழாத்துக்காரா என்ன பண்ணுவாடா?" என்றேன். நீ தட்டைப் பார்த்துக்கொண்டு, "அவா வாடகைக்கு இருக்கறவாதானேம்மா, வேற ஜாகை பாத்துப்பா. நீ ரொம்ப யோசிச்சா ஒண்ணும் நடக்காது" என்றாய். அப்புறம் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டாய். நான் ஊற்றினேன். எனக்கு உன்மேல் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. கூட்டத்தில் சொன்னதும் சரியாக இருந்தது, அடுக்களையில் சொன்னதும் சரியாக இருந்தது. இரண்டும் சரியென்றால் நான் எதைச் செய்வது? அங்கேதான் என் தலை சுற்ற ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை.

உன் அப்பாவிடம் கேட்டேன். அவருக்கு இதில் குழப்பமே இல்லை. "அவன் அங்கே பேசினது லோகத்துக்கு. இங்கே பேசினது அம்மாவுக்கு. ரெண்டையும் ஏன் ஒண்ணாப் போட்டுக் கலக்கறே?" என்றார். "நாம லோகத்துல இல்லையா?" என்றேன். பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். பம்பாய்க்காரருக்கு எழுதினேன், கீழ் வீட்டையும் தூக்கினால் என்ன என்று. அவர் மிக மரியாதையாகப் பதில் போட்டார், குடியிருப்பவர்களுக்குக் கஷ்டமென்றால் காலி செய்யட்டும், விற்கத்தான் யோசிக்கிறேன் என்று. அப்படியே அவர் தூக்கினாலும் தண்ணீர் நம் வீட்டுக்கு வரும் என்று அப்பா நினைவுபடுத்தினார். வார்டு கவுன்சிலரைப் பார்க்கப் போனேன். நல்ல பையன், உன் வயதுதான் இருக்கும். நாற்காலி போட்டு உட்கார வைத்து, "சிட்டி முழுவன் ஒரு ஸ்கீம் வருன்னுண்டு, அம்மே. அது வரட்டே" என்றான். மழையும் வருன்னுண்டு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாளாகிக்கொண்டே போனது. நீ ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்டாய். கல்யாணம் நெருங்கியது. விஷு கழிந்து வேலை ஆரம்பித்துவிட்டேன். யாரை வைத்து? மாரியப்பனை வைத்துத்தான். சிரிக்காதே. கூப்பிடு தூரத்தில் கொத்தனாரை வைத்துக்கொண்டு வேறு ஆளைக் கூப்பிட்டால் அவன் என்ன நினைப்பான்? கூப்பிட்டால்தான் என்ன நினைப்பான் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை. அவன் சந்தோஷமாக வந்தான், இசக்கியம்மாளும் சாந்துச் சட்டி எடுக்க வந்தாள். குழந்தை நம் கூடத்தில் தூங்கும். செம்மண் லாரியில் வந்தது. எங்கிருந்து என்று டிரைவரிடம் கேட்டேன். பொன்முடி போகிற வழியில் ஒரு குன்றைச் சொன்னான். நாம் குடும்பத்தோடு பொன்முடிக்குப் போனபோது பஸ்ஸிலிருந்து நீ வாந்தி எடுத்த வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் இருந்த குன்று. இப்போது அதில் பாதி இல்லையாம், மழைக்கு மீதியும் சரிகிறதாம். மணல் எங்கிருந்து என்று கேட்டேன். "இதென்ன அம்மே, ஈ ஆத்திலே மணல்தன்னெ" என்று நம் கரமனை ஆற்றையே கை காட்டினான். ஆற்றைத் தோண்டி எடுத்த மணலைக் காசு கொடுத்து வாங்கி, ஆற்றிடமிருந்து தப்பிக்க வீடு கட்டுகிறோம். உன் படத்தில் இதற்கு என்ன நிறம் அடிப்பாய் என்று நினைத்தேன். ஆனாலும் லாரியைத் திருப்பி அனுப்பவில்லை. அனுப்பினால் அது வேறொரு வீட்டுக்குத்தான் போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கூடம் முடிந்தது, அறைகள் முடிந்தன. மாரியப்பன் பின்கட்டுக்கு வந்தான். ஓவுக்கு முன்னால் குந்திப் பார்த்துவிட்டு, "இத அடச்சாத்தாம்மா மண்ணு நிக்கும். இல்லன்னா கரஞ்சு போயிரும்லா" என்றான். செங்கல்லை எண்ணி எடுத்து வைத்தான், சாந்து குழைக்கச் சொன்னான். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது அவன் முற்றம். அவன் துணி காயப்போட்டிருந்தது சுவருக்கு மேலே தெரிந்தது. நான், "மாரியப்பா, இதை அடைச்சா ஒங்காத்துக்குத் தண்ணி ஜாஸ்தியாகுமேப்பா" என்றேன். அவன் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தான். அவனுக்கும் அது அப்போதுதான் தோன்றியது போலிருந்தது. பெண்டாட்டியைப் பார்த்தான், அவள் அவனைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தான். "அதுக்கு என்னம்மா செய்ய? வேல வேலதான? நான் அடைக்கலன்னா வேற ஆளு வந்து அடைப்பான். கூலியாவது எனக்கு வரட்டும்" என்றான். அதில் குத்தல் இருந்ததா என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தேன். இல்லை என்றுதான் நினைக்கிறேன். இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இன்னிக்கு வேண்டாம், நிறுத்து" என்றேன். நாளைக்கு என்றும் சொல்லவில்லை, வேண்டவே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவனுக்கு வேலை போயிற்று, அது வேறு. என் நல்ல மனசால் அவன் கூலிதான் நின்றது. இசக்கியம்மாள் மறுநாள் கேட்டாள், "வேலையில கொற இருந்தா சொல்லுங்கம்மா, அவுக சரி பண்ணிருவாக" என்று. குறை வேலையில் இல்லை என்று எப்படி விளக்குவது? கடைசியில் அடுக்களைக்குப் படி கட்டச் சொல்லி இன்னும் சில நாள் வேலை கொடுத்தேன். அதுதான் உன் அப்பா விழுந்த படி.

உனக்கு நான் புத்தி சொல்ல வேண்டிய சமயம் இது. கல்யாணத்துக்கு முன் அம்மாக்கள் சொல்வார்கள். எனக்குத் தெளிவாக இருந்தால் சொல்லமாட்டேனா? கூட்டத்தில் பேசுவதையே அடுக்களையிலும் பேசு என்று சொல்ல எனக்கு அருகதையில்லை. உன் கூட்டத்துக்குப் பெருமைப்பட்டு அழுதவளும் நான்தான், செம்மண் லாரிக்கு வழி விட்டவளும் நான்தான். உனக்கு வரப்போகிறவள் நனையக் கூடாது என்று எனக்கும் ஆசைதான், அதை நீ சொல்லித்தர வேண்டியதில்லை. நீ தப்பு என்று நான் எழுதவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். எந்த ஊருக்குப் போய் எந்தப் படத்தைக் காட்டினாலும், அந்தப் பொட்டுக்குள் கீழ் வீட்டில் இருப்பது யார், பேர் என்ன என்று ஒரு தடவை விசாரித்துவிட்டுப் பேசு. வாடகைக்கு இருக்கிறவர்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் நாக்குக்குச் சுலபமாக இருக்கிறது. இசக்கியம்மாள் சுவருக்கு மேலே குழந்தையை நீட்டியபோது வாங்கியது என் கை, அதனால் எனக்கு அப்படிச் சொல்ல வரமாட்டேனென்கிறது.

போன வாரம் ஓவு சுத்தம் செய்கிற நாள். மேலே எல்லாம் அடைபட்டுவிட்டது, யாரும் வரவில்லை. ராஜாமணி மாமா வாசலில் உட்கார்ந்து, "இப்ப எதுக்கு மாமி அதெல்லாம்?" என்றார். மேல்கோடி வீடு என்று இப்போது சொன்னால் அது நம் வீடுதான், கடைசி வீடு அவர்கள் வீடு, தெரு இவ்வளவுதான் மிச்சம். நானே மண்வெட்டியால் ஓவைத் தோண்டினேன். அந்தப் பக்கம் இசக்கியம்மாளிடம் தண்ணீர் வந்தால் குரல் கொடு என்று சொல்லிவிட்டு வந்து, அண்டாவைக் கவிழ்த்தேன். தண்ணீர் செங்கல் குவியலைச் சுற்றிக்கொண்டு போய்த் துவாரத்துக்குள் நுழைந்தது. நான் காது கொடுத்து நின்றேன். அவளுக்கு நம் "வந்துடுத்து" தெரியாதே. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். அவர்கள் ஊர்க் குளத்துக்குப் போட வேண்டிய குலவை. கூடவே குழந்தை கை தட்டும் சத்தம் கேட்டது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வெறும் அண்டாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

செங்கல்லும் சிமெண்டு மூட்டையும் சுவரோரம் இருக்கின்றன, மேலே தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். இங்கே மழை பிடித்துவிட்டது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடு. வீடு உன்னுடையதும்தான், மீதியை நீயே முடி. நான் தடுக்க மாட்டேன், மாரியப்பனும் கூட நின்று சாந்து குழைத்துக் கொடுப்பான். ஆனால் முதல் செங்கல்லை வைக்கிறதற்கு முன்னால் ஒரு அண்டாத் தண்ணீரை நீ உன் கையால் கவிழ்த்து, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வருகிற வரைக்கும் அங்கேயே நின்று கேள். அதற்குப் பிறகும் உனக்கு அடைக்க முடிந்தால், அடைத்துவிடு.

அம்மா